சுல்பாவுக்கு ஒரு கூறை

எத்தாளைப் பக்கம் கல்யாணம் என்றால் முதலில் மண்டபத்துக்கு ஆள் அனுப்புவார்கள், அடுத்தது சுல்பாவுக்கு. கூறை உடுத்துவதில் அவளை மிஞ்சக் கற்பிட்டி வரைக்கும் ஆளில்லை. எட்டு மடிப்பு வைத்தாள் என்றால் எட்டும் ஒரே அகலம். ஊசி எங்கே குத்தியிருக்கிறாள் என்பது மணப்பெண்ணுக்கே தெரியாது. ப்ளவுஸ் தைப்பதும் அவள்தான், உடுத்திவிடுவதும் அவள்தான். அப்படி எத்தனையோ பெண்களை உடுத்தி மணவறைக்கு அனுப்பிய கைக்காரிக்குச் சொந்தமாக ஒரு கூறை கிடையாது. ஊர் அதை மறந்துவிட்டது. சுல்பா மறக்கவில்லை. அதெப்படி மறப்பாள்?

கூறை என்றால் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொண்டுவந்து பெண்ணுக்கு உடுத்திவிடுகிற பட்டுச்சேலை. அன்றைக்கு உடுத்தி, ஆயுசுக்கும் அலுமாரியில் வைத்துக்கொள்ள வேண்டியது. பதின்மூன்று வருசத்துக்கு முன்னால் ரிஃபாஸ் சுல்பாவைக் கட்டியபோது, அவனுடைய வாப்பா நெஞ்சு வருத்தம் வந்து கொழும்பு ஆசுபத்திரியில் கிடந்து எழும்பிய நேரம். கையில் இருந்ததெல்லாம் அதற்கே போய்விட்டது. மாமி றஹ்மா கற்பிட்டியில் ஒரு சொந்தக்காரியிடம் கூறையை இரவல் வாங்கி வந்தாள். பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உடுத்தினார்கள், இரவு இஷாவுக்கு முன்னால் கழற்றினார்கள். மறுநாள் காலை சுல்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது, மாமி அதைப் பத்திரிகைத்தாளில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். இடியப்பத் தட்டை இரவல் வாங்கினால்கூட ரெண்டு நாள் வைத்திருந்து கொடுக்கிற ஊர் இது.

சுல்பாவுக்கு வாய் திறக்க வழியில்லை. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். சுல்பாவின் உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். கரைத்தீவில் ஓலைக் குடிசையில்தான் சுல்பாவே பிறந்தாள். வீடு கொடுக்க அவர்கள் எங்கே போவார்கள்? அவள்தான் மாமியின் வளவுக்கு வந்தாள். உம்மா சாகும்வரை ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். "எண்ட கூறைய அலுமாரிக்குள்ள வெச்சிட்டு வந்திட்டன். தெறப்பக் கையில எடுத்த நான், சாரிய எடுக்கல்லயே" என்பாள். உம்மாவுக்கு அந்தச் சாவியாவது மிஞ்சியது. சுல்பாவுக்கு அதுவும் இல்லை.

இப்போது மாமியின் இளைய மகன் றிப்னாஸுக்குக் கல்யாணம். கட்டாரில் நல்ல வேலை. பெண் புத்தளம் டவுனில், பேர் சப்னா. மேல்மாடி வீடு, படித்த பெண், வெள்ளைத் தோல். மாமிக்குக் கால் தரையில் படவில்லை. "எண்ட சின்ன மருமகளுக்குக் காஞ்சிபுரம்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மாமியின் தம்பி பாறூக் கண் வைத்தியத்துக்கு இந்தியா போனவர், கண்ணில் கட்டு அவிழ்ந்த மறுநாளே காஞ்சிபுரம் பஸ் ஏறினார். கடைக்குள் நின்று வீடியோ கோல் எடுத்தார். எத்தாளையில் கட்டிலைச் சுற்றிப் பெண்கள் ஆறு பேர்.

மாமியின் சட்டம் ஒன்று. உயிருள்ள எதுவும் சேலையில் இருக்கக் கூடாது. மயில் வேண்டாம், யானை வேண்டாம், அன்னம் வேண்டாம். கடைக்காரன் பாவம், மயில் இல்லாத காஞ்சிபுரத்துக்கு எங்கே போவான்? அவிழ்த்து அவிழ்த்துப் போட்டான். கடைசியில் மாதுளம்பழ நிறத்தில் ஒன்று வந்தது. உடல் முழுக்கச் சின்னச் சின்னப் பொன் காசு, முந்தானையில் மாங்காய், கரை ஒரு சாண் அகலம், கரையின் மேலே கூர்கூராக வரிசை. "இது கோபுரக் கரை மேடம்" என்றான் கடைக்காரன். "கோபுரமுமில்ல ஒண்டுமில்ல, அது முக்கோணம்" என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆனாலும் போனைச் சுல்பாவிடம் நீட்டினாள். "சுல்பா, நீதான் சாரி தெரிஞ்சவள். நீ சொல்லு புள்ள" என்றாள்.

சுல்பா பார்த்தாள். கடைக்காரன் சேலையை வெளிச்சத்தில் திருப்பியபோது மாதுளம் நிறத்துக்குள் இன்னொரு கறுப்புச் சிவப்பு ஓடி மறைந்தது. பாவும் ஊடும் ரெண்டு நிறம். நெசவாளி கரையை வேறாக நெய்து உடலோடு கோத்திருந்தான், அவன் கையும் லேசுப்பட்டதல்ல. அந்தக் கணத்தில் அவள் சப்னாவை நினைக்கவே இல்லை. தன் தோளில் அதைப் போட்டுப் பார்த்தாள், மனசுக்குள். "இதத்தான் எடுக்கணும் மாமி" என்றாள். தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்து, தானே இன்னொருத்திக்குக் கொடுத்தாள். இதைவிட முட்டாள்தனம் உண்டா?

சேலை வந்து சேர்ந்த அன்று கட்டிலில் விரித்து வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் கூறை பார்க்க வந்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், "யா அல்லாஹ், என்ன பாரம்!" என்றார்கள். மாமி ஒவ்வொருத்திக்கும் தேத்தண்ணியும் தொதலும் கொடுத்தாள். பக்கத்து வீட்டு நுஸ்ரா, வாய் சும்மா இருக்காதவள், "மூத்த மருமகளுக்கும் இதப் போல ஒண்டு எடுத்திருக்கலாமே, றஹ்மா ராத்தா" என்றாள்.

மாமி சிரித்தாள். "அப்ப காலம் அப்பிடி. இப்ப எடுத்தாலும் அவக்கு என்னத்துக்கு? அந்த உடம்பப் பாருங்க, ஈர்க்கில் போல. இந்தப் பாரம் அவட உடம்புக்குத் தாங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுல்பாவும் சிரித்தாள், தட்டில் தொதல் துண்டுகளை அடுக்கிக்கொண்டே. தாங்காதாம்! பதின்மூன்று வருசமாக இந்த வீட்டைத் தாங்குகிற உடம்பு இது. மாமாவின் மௌத்து வரைக்கும் மலசலம் எடுத்த உடம்பு. ஆறு கெஜப் பட்டைத் தாங்காதாமே!

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சப்னாவின் பேரைக் கேட்டாலே எரிச்சல். இத்தனைக்கும் அந்தப் பெண் ஒரு பாவமும் செய்யவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது "மச்சி, மச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். அந்தக் கையில் இருந்த காப்பையும் சுல்பா எண்ணிக்கொண்டுதான் வந்தாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய திங்கள் காலையில் மாமி சேலையைத் துணியில் சுற்றிக்கொண்டு, அதே வளவில் பின்பக்கம் இருக்கிற சுல்பாவின் வீட்டுக்கு வந்தாள். கீழ்க்கரை நைந்துபோகாமல் உள்ளே பட்டி வைத்துத் தைக்க வேண்டும், நுனியில் இருக்கிற ப்ளவுஸ் துணியை வெட்டி முழுக்கை வைத்துத் தைக்க வேண்டும். "பத்திரம் புள்ள. இதுக்குள்ள எண்ட மானம் இரிக்கு" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

இந்தப் பக்கத்தில் பெண்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. மணப்பெண்ணின் தோளில் ஏறுமுன் கூறையை இன்னொருத்தி உடுத்தக் கூடாது. உடுத்தினால் அது எச்சில். மார்க்கத்தில் இப்படி ஒன்றும் இல்லை, மௌலவியிடம் கேட்டால் சிரிப்பார். ஆனால் பெண்கள் தங்கள் சட்டத்தை மௌலவியிடம் கேட்டு எழுதுவதில்லை. சுல்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். மற்றப் பெண்களுக்கு அதைச் சொல்லி எச்சரிப்பவளே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை பின்நேரம் ரிஃபாஸ் வெங்காயத் தோட்டத்தில் நின்றான். மகள் ஸஹ்றா மதரஸாவுக்குப் போயிருந்தாள். சுல்பா கீழ்க்கரைப் பட்டியைத் தைத்து முடித்தாள். அடுத்தது ப்ளவுஸ் துணியை வெட்ட வேண்டும். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள், வைத்தாள். கதவைத் தாழிட்டாள்.

'தோளில் போட்டு மட்டும் பார்ப்போம்' என்றுதான் தொடங்கினாள். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்? தோளில் போட்ட சேலை இடுப்புக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது மடிப்பானது. அவளுடைய விரல்கள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்தன. மற்றவர்களுக்குச் செய்து செய்து பழகிய விரல்கள், முதல் தடவையாக எசமானிக்குச் செய்தன. எட்டு மடிப்பு, தோளில் ஐந்து. அலுமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

பாரம்தான். பொய் சொல்லக் கூடாது, நல்ல பாரம். ஆனால் அந்தப் பாரம் அவளை நிமிர்த்தியது. மெசினில் கூனியிருந்து தைத்துத் தைத்துச் சரிந்த தோள் நேரானது. மெலிந்த உடம்பில் பட்டு ஊதாமல், பிதுங்காமல், கல்லில் வடித்ததுபோல் விழுந்தது. ஈர்க்கில் போன்ற உடம்பென்று சொன்ன வாயைக் கொண்டுவந்து இந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்த வேண்டும்! சுல்பாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். கண்ணீர் பட்டில் விழாமல் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு அழுதாள். தொழில்காரி அல்லவா.

பிறகு போனை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்து ஒரு படம் பிடித்தாள்.

அந்தப் படத்தைத் தானே பார்த்துவிட்டு அழித்திருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டுமே! தங்கை அக்கீலாவுக்கு அனுப்பினாள். அக்கீலா கரைத்தீவில் இருந்து தினமும் புத்தளத்துக்குப் போய் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்பவள். உடனே குரல் செய்தி வந்தது. "ராத்தா! இது ஆருட சாரி? அல்லாஹ்வே, ராணி போல இரிக்கிறீங்க!"

சுல்பாவின் விரல் ஒரு நிமிசம் நின்றது. "நான் உடுத்துப் பார்த்த சப்னாவின் கூறை" என்று எழுத வேண்டியதுதானே? அதை எழுதத்தான் அவளால் முடியவில்லை. "என்னுடையதுதான். அவர் எடுத்துத் தந்தார்" என்று எழுதிவிட்டாள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று ஒரு கதை உண்டு. சுல்பா அன்றைக்கு எறிந்தது கந்தையை அல்ல, நல்ல பேரை.

சேலையைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டு அஸர் தொழுதாள். தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஸலாம் கொடுத்துவிட்டுப் போனைப் பார்த்தால், அக்கீலா அந்தப் படத்தைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். கீழே எழுத்து வேறு: "எங்கட ராத்தாவுக்குப் பதின்மூணு வருசத்துக்குப் பொறகு கூறை கெடச்சிட்டு. அல்ஹம்துலில்லாஹ்." மூன்று இதயம், ஒரு அழுகிற முகம். பாவி மகள், பாசத்தில் போட்டிருக்கிறாள்! சுல்பா கோல் எடுத்தாள். மருந்துக் கடையில் சனம் போலும், அக்கீலா எடுக்கவில்லை. பத்துத் தடவை எடுத்தாள். பதினோராவது தடவை அக்கீலா எடுத்தபோது அழிக்கச் சொன்னாள். அக்கீலா அழித்தாள். அதற்குள் புத்தளம் டவுன் பாதி பார்த்துவிட்டது. மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடையில் நிற்கிறவள் சப்னாவின் சாச்சி மகள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிய மாமி வாசலில் நின்றாள். கையில் போன். முகம் கறுத்திருந்தது.

"இது என்ன?"

"ப்ளவுஸ் அளவு பாக்க, மாமி..."

"உண்ட ஒடம்புல சப்னாட அளவா? அவ உன்னப் போல ரெண்டு பேர். கதவப் பூட்டிப் போட்டோ புடிச்சா அளவு பாக்கிற?"

மாமி விடவில்லை. "அவட உம்மா சித்தி லெய்லா கோல் எடுத்திட்டா. 'ஒங்கட மூத்த மருமகள் உடுத்துக் கழட்டின கூறைய எண்ட புள்ளக்கு உடுத்த வேணாம்' எண்டு சொல்றா. சப்னாவும் அதத்தான் சொன்னாவாம். நாலு நாள் இரிக்கு. நான் காஞ்சிபுரத்துக்கு எங்க போற? ஏன்டி இப்பிடிச் செஞ்ச? சொல்லு. உனக்கு நான் என்ன கொற வெச்சன்?"

அந்தக் கேள்விதான் பிழை. பதின்மூன்று வருசம் அடக்கி வைத்தது அந்த இடத்தில் வெடித்தது.

"பொறாமை மாமி! பொறாமையிலதான் உடுத்தன். வேறென்ன? எனக்கு ஒரு கூறை தந்தீங்களா? இரவல் வாங்கிட்டு வந்தீங்க. நான் எழும்ப முந்திக் கொண்டுபோய்க் குடுத்தீங்க. எனக்கு முந்தி அத ரெண்டு பேர் உடுத்திருந்தாங்க. அப்ப அது எச்சில் இல்லயா? எண்ட ஒடம்பில ஏறினா எச்சில் இல்ல, எண்ட ஒடம்பில இருந்து எறங்கினா மட்டும் எச்சிலா?"

மாமி உள்ளே வந்து, துணியோடு இருந்த சேலையைத் தூக்கித் தையல் மெசினின் மேலே பொத்தென்று வைத்தாள்.

"நீயே வெச்சிக்க. பாரம் தாங்குமெண்டு காட்டினியே. தாங்கு."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஆக, காஞ்சிபுரம் சுல்பாவுக்கே வந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்த விதம்தான் செருப்படி. ரிஃபாஸ் வந்து கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னான். அதற்கு என்ன பதில் சொல்வது? மனுசி கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற ஆம்பிளைக்கு எதைச் சொல்லி விளக்க? அவள் சேலையை அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள். பார்க்கவே மனம் வரவில்லை.

புதன்கிழமை பெரியவர்கள் பேசி ஒரு வழி கண்டார்கள். சப்னாவின் உம்மாவிடம் ('சித்தி லெய்லா' என்பதே அவர் பேர்) அவருடைய கல்யாணக் கூறை இருந்தது. அதை மாமி போய்க் கையால் வாங்கி, தன் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, மாப்பிள்ளை வீட்டுக் கூறையாகக் கொடுக்க வேண்டும். மாமி வாங்கினாள். அந்த மனுசிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சுல்பாவுக்கே ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

அடுத்த கேள்வி, யார் உடுத்திவிடுவது? இந்த வீட்டுக் கல்யாணத்திலேயே அவள் கையை ஒதுக்கினால், நாளைக்கு எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? சித்தி லெய்லா வேண்டாம் என்றுதான் சொன்னாராம். சப்னா குறுக்கே விழுந்தாளாம். "சுல்பா மச்சிதான் உடுத்தணும். அவ இல்லாட்டி நான் உடுத்த மாட்டன்." இது இரக்கமா, பழிவாங்கலா? சுல்பாவுக்கு விளங்கவில்லை. சித்தி லெய்லாவின் கூறைக்குப் பொருத்தமாகக் கற்பிட்டிக் கடைத்தெருவில் பச்சைத் துணி தேடி எடுத்து, வியாழக்கிழமை முழுக்கை ப்ளவுஸ் தைத்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊசி டப்பாவோடும் ஸஹ்றாவோடும் வேனில் ஏறினாள். மாமி முன் இருக்கையில். புத்தளத்தில் பெண் வீட்டு மேல்மாடியில் மாமி தட்டை நீட்ட, சித்தி லெய்லா மூடு துணியை எடுத்தார். உள்ளே இலைப் பச்சை நிறத்தில் ஒரு பட்டு. கரை ரெண்டு விரல் அகலம், சரிகை மங்கிப் போயிருந்தது. ஊரிலிருந்து வந்த நுஸ்ரா விடுவாளா? "எங்க அந்தக் காஞ்சிபுரம்? நாங்க பாத்த கூறை எங்க?" என்று சத்தமாகக் கேட்டாள். சுல்பா ஊசி டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எண்ட கூறை" என்றார் சித்தி லெய்லா. "எண்ட மகளுக்கு இத உடுத்திப் பாக்கணுமெண்டு எனக்கு ஆச. நாங்கதான் சம்மந்தியக் கேட்டுக்கிட்டம்." அவ்வளவுதான். சுல்பாவின் பேரை அவர் எடுக்கவே இல்லை. ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு உடுத்தத் தொடங்கினாள். அறையில் மூன்றே பேர். சப்னா நடுவில் நிற்க, சித்தி லெய்லா முந்தானையைக் கையில் ஏந்தி நின்றார். பழைய பட்டு, இறகுபோல் லேசு. நப்தலின் வாசத்துக்கு அடியில் பழைய அத்தர் வாசம். "வருசா வருசம் பெருநாள் முடிய நெழல்ல காயப்போட்டு மடிப்ப மாத்தி மடிப்பன். ஒரு நூல் அறுந்தில்ல பாருங்க" என்று சித்தி லெய்லா சொன்னார். சொல்லிக்கொண்டே மகளின் தோளைத் தடவினார், கண் நிறைந்தது. வெளியே யாரோ கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

சுல்பா முழங்காலில் இருந்து மடிப்புப் பிடித்தாள். கை பிடித்தது, மனம் எங்கேயோ எரிந்தது. உம்மா உடுத்ததை மகள் உடுத்தினால் எச்சில் இல்லை, பறக்கத், ஆசீர்வாதம். அலுமாரி வைத்திருந்த உம்மா. அதைப் பூட்டிவிட்டு ஓடாத உம்மா. முப்பது வருசம் ஒரே வீட்டில் இருந்து மடிப்பு மாற்றிய உம்மா. காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறினாலும் இந்தச் சேலை கிடைக்காதே! மாதுளம்பழச் சேலைக்குப் பட்ட பொறாமை எல்லாம் ஒரு பொறாமையா? இதுதான் பொறாமை. இது எலும்பில் குத்தியது.

"மச்சி" என்றாள் சப்னா, மெல்ல. "ஒண்டு கேக்கட்டா? கோவிக்கக் கூடாது."

"கேளுங்க தங்கச்சி."

"அந்தச் சாரி எனக்கு வடிவா இருந்திருக்குமா?"

சுல்பா நிமிர்ந்து பார்த்தாள். சப்னாவின் கண் கண்ணாடியில் இருந்தது.

"எச்சில் எண்டதெல்லாம் உம்மாட கதை. எனக்கு அதில்ல. அந்தப் போட்டோவில ஒங்களப் பாத்தன். வயிறு எரிஞ்சிட்டு மச்சி, சத்தியமா. நான் குண்டு. அந்தச் சாரில நான் வந்து நிண்டா, போட்டோவப் பாத்த ஆளுகள் என்ன சொல்லுவாங்க? 'மச்சிக்குத்தான் அது பொருந்தின' எண்டுவாங்க. எண்ட கல்யாணத்தில நான் ரெண்டாவது ஆளா நிக்கவா? அதான் வேணாமெண்டன்."

சுல்பாவின் கையிலிருந்த மடிப்பு நழுவியது. திரும்ப எடுத்தாள். மேல்மாடி வீடும், கட்டார் மாப்பிள்ளையும், அலுமாரிக்குள் கூறை வைத்திருக்கிற உம்மாவும் உள்ள பெண், தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். கரைத்தீவுக் குடிசையில் பிறந்த, ஈர்க்கில் உடம்புக்காரியைப் பார்த்து! சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சப்னாவுக்கும் தொற்றிவிட்டது. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"சிரிச்சா மடிப்புக் கலையும், ஆடாம நில்லுங்க" என்று சுல்பா அதட்டினாள். "அது ஒங்களுக்குப் பாரம் தங்கச்சி. இதுதான் வடிவு. நான் பொய் சொல்ல மாட்டன், இந்தச் சாரியப் பாத்து இப்பயும் எனக்குப் பத்துது."

"அதுக்கெண்டு இதையும் உடுத்துப் பாக்காதீங்க" என்றாள் சப்னா.

ஒன்பது மடிப்பு வைத்தாள், வழமையைவிட ஒன்று கூட. ஊசி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. சப்னா படியிறங்கியபோது பெண்கள் குலவையிட்டார்கள். பச்சைப் பட்டில் அவள் வடிவாகத்தான் இருந்தாள். "ஆரு உடுத்தின?" என்று ஒருத்தி கேட்க, "எண்ட மூத்த மருமகள்" என்று மாமி சொன்னது சுல்பாவின் காதில் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அந்த மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது மாமி பின் இருக்கையில் சுல்பாவுக்குப் பக்கத்தில் வந்து ஏறினாள். உப்பளம் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தச் சாரிய அப்பிடியே பூட்டி வெக்காத. சரிக கறுத்துப் போகும். நெழல்ல காயப்போட்டு மடிப்ப மாத்து."

"ம்."

"பத்திரமா வெச்சா ஸஹ்றாட கல்யாணத்துக்கு ஆகும். உம்மா உடுத்த கூறை எண்டு அவளுக்கு உடுத்தலாம்."

மாமி நல்லதைத்தான் சொன்னாள். சமாதானமாகத்தான் சொன்னாள். தன் மகளுக்கும் ஒரு உம்மாவின் கூறை, சப்னாவுக்கு இருந்ததைப் போலவே. இதைக் கேட்டு சுல்பா குளிர வேண்டாமா? அவளுக்கோ சுரீர் என்றது. ஸஹ்றாவுக்கா? இப்பவும் எனக்கில்லையா? மடியில் தலை வைத்துத் தூங்குகிற ஒன்பது வயதுக் குழந்தையைப் பார்த்தாள். பெற்ற மகள்மேலுமா பொறாமை? அல்லாஹ்வே, இது என்ன பிறவி? வெட்கம் காது வரைக்கும் ஏறியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"ஸஹ்றாவுக்கு அப்பறம் பாப்பம் மாமி" என்றாள். "முதல்ல நான் உடுக்கணும். வாற பெருநாளைக்கு உடுப்பன். ஒளிச்சில்ல, ஊர் பாக்க உடுப்பன். அது எண்ட கூறை."

மாமி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஏசப் போகிறாள் என்று சுல்பா நினைத்தாள்.

"அந்தச் சாரிட நுனில உள்ள ப்ளவுஸ் துணிய இன்னும் வெட்டல்லதானே?" என்றாள் மாமி. "உண்ட அளவுக்கே வெட்டு."